வாசலுக்கு அளந்த வண்டி

என் அலமாரியில், வேட்டிகளுக்கு அடியில், ஒரு கயிறு கிடக்கிறது. தேங்காய் நாரில் திரித்த மெல்லிய கயிறு. ஒரு நுனியில் ஒரு முடிச்சு, மறு நுனிக்குச் சற்று முன்னால் இன்னொரு முடிச்சு. இந்த இரண்டு முடிச்சுக்கும் நடுவே உள்ள தூரம், கரமனை அக்கிரகாரத்தில் எங்கள் அத்திம்பேர் வீட்டு வாசற்கதவின் அகலம். அந்தக் கயிற்றைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் முதலில் வருகிறது. மற்றதெல்லாம் அப்புறம்தான். என் முதல் மோட்டார் சைக்கிளைத் தேர்ந்தெடுத்தது நானல்ல, என் அத்திம்பேரும் அல்ல. சரியாகச் சொன்னால், இந்தக் கயிறுதான் தேர்ந்தெடுத்தது.

அத்திம்பேர் என்றால் என் அக்காவின் அகத்துக்காரர். அப்பா அம்மா போன பிறகு திருநெல்வேலியிலிருந்து அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தவன் நான். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அத்திம்பேர் மராமத்து இலாகாவில் குமாஸ்தா. பாலம் எத்தனை அகலம், ஓடை எத்தனை ஆழம் என்று மற்றவர்கள் அளந்துகொண்டு வந்ததை வருஷக்கணக்காக நகல் எடுத்து எழுதியவர். ஆபீசில் தம் கையால் எதையும் அளக்க அவருக்கு வாய்க்கவில்லை. அந்த ஆசையெல்லாம் சேர்ந்து வீட்டில் வந்து விடிந்தது. கட்டிலை அளப்பார், பந்தல் காலை அளப்பார், எனக்குச் சட்டை தைக்கக் கொடுத்தால் தையற்காரன் அளந்த பிறகு தாமும் ஒரு தரம் அளப்பார். ஆளுக்கு ஒரு பைத்தியம், அவருக்கு இது.

எனக்கு அப்போது அம்மை குத்தும் உத்தியோகம். சர்க்கார் சுகாதார இலாகாவில் தோளில் பெட்டியை மாட்டிக்கொண்டு ஊர் ஊராக நடந்து, அலறும் குழந்தைகளின் கையில் குத்திவிட்டு வருகிற வேலை. நடந்து நடந்து என் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். இப்படியிருக்கையில், நெடுமங்காட்டுக்கு அந்தண்டை பொன்முடித் தேயிலைத் தோட்டங்கள் வரைக்கும் சுற்றி வருவதற்கு ஒரு இன்ஸ்பெக்டர் வேலை காலியாயிற்று. எங்கள் இலாகாவின் பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு, மலையாள ஆவணியான சிங்ஙம் முதல் தேதி தாம் பொன்முடித் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வரப்போவதாகவும், அன்றைக்கு நான் சொந்த மோட்டார் சைக்கிளில் அங்கே வந்து நின்றால் வேலை எனக்கு என்றும், இல்லாவிட்டால் வண்டி வைத்திருக்கும் வேறு ஆளுக்குப் போகும் என்றும் சொன்னார். எனக்குச் சைக்கிள்கூடச் சுமாராகத்தான் ஓட்டத் தெரியும். ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். வாழ்நாள் முழுக்க அம்மை குத்திக்கொண்டே நடப்பதா, இன்ஸ்பெக்டராக வண்டியில் போவதா என்பதுதான் கேள்வி. வேறு சந்தர்ப்பம் வராது என்று எனக்குத் தெரியும்.

அன்று சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னேன். அக்காவுக்குச் சந்தோஷம். அத்திம்பேர், "வண்டியை எங்கே நிறுத்தப்போறே?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கரமனைத் தெருவில் வீட்டுக்கு வீடு சுவர் ஒன்று. நடுவில் சந்து கிடையாது. கொல்லைக்குப் போகவேண்டுமானாலும் வாசற்கதவு வழியாக நுழைந்து, நடையைத் தாண்டி, கூடத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். நான் யோசிக்காமல், "இங்கே இடமில்லேன்னா தம்பானூர்ல ஒரு ரூம் எடுத்துக்கறேன். கீழே ஷெட்டோட கிடைக்கிறதாம்" என்றேன். ரசம் விட்டுக்கொண்டிருந்த அக்காவின் கை ஒரு நிமிஷம் நின்றது. அத்திம்பேர் மோர் சாதம்கூட வேண்டாமென்று இலையை மூடிவிட்டு எழுந்துபோனார்.

மறுநாள் காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டு வரும்போது அவர் வாசற்கதவைத் திறந்துவைத்து நிலைக்கு நிலை கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். "அம்பி, இந்த முனையைப் பிடி" என்றார். பிடித்தேன். முடிச்சுப் போட்டார். "இதுக்குள்ளே அடங்கற வண்டியாப் பாரு. ராத்திரி வண்டி வெளியிலே கிடக்கப்படாது. ஆத்துக்குள்ளேதான் இருக்கணும், கேட்டியோ?" என்றார். முதல் தடவையாக மோட்டார் சைக்கிள் வாங்குகிறவன் என்னென்னவோ பார்க்க வேண்டும் என்பார்கள். கனம் எத்தனை, கால் தரையில் எட்டுகிறதா, மெதுவாகப் போகுமா, பழுதானால் சாமான் கிடைக்குமா என்று. நானும் நாலு பேரை விசாரித்து இதையெல்லாம் தெரிந்துவைத்திருந்தேன். அத்திம்பேருக்கு இது ஒன்றும் காதில் ஏறவில்லை. போதாததற்கு இன்னொரு நிபந்தனையும் போட்டார். மிதுன மாதம் முடிவதற்குள் வாங்கியாக வேண்டும். கர்க்கடகத்தில், அதாவது ஆடியில், புதிதாக ஒரு கரண்டிகூட வீட்டுக்குள் ஏறக்கூடாது.

முதலில் பார்த்த வண்டியை நினைத்தால் இப்போதும் என் வயிறு எரிகிறது. பாளையத்தில் ஒரு காலேஜ் லெக்சரர் விற்பதாக இருந்தார். சின்ன வண்டி. ஒரே உதையில் ஸ்டார்ட் ஆயிற்று. உட்கார்ந்தால் இரண்டு காலும் சுகமாகத் தரையில் பதிந்தன. ஹாண்டில் அகலமாக, இரண்டு பக்கமும் மாட்டுக்கொம்பு போல வளைந்து கைக்கு வாகாக இருந்தது. லெக்சரர் நல்ல மனிதர். ஓட்டப் பழகுகிறவனுக்கு இதைவிடச் சாதுவான வண்டி கிடைக்காது என்றார். நான் பரவசமாக அத்திம்பேரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மடியிலிருந்து கயிற்றை எடுத்து ஹாண்டிலின் மேல் நீட்டிக்கொண்டிருந்தார். கயிறு நாலு விரற்கடை போதவில்லை.

"வேண்டாம்" என்றார். நான் கெஞ்சினேன். மழையில் நனைந்து கயிறு சுருங்கியிருக்கும் என்று வாதாடினேன். "சுருங்கினா நல்லதுதானே, இடிக்காம உள்ளே போகும்" என்றார். ஹாண்டிலைத் திருப்பிக்கொண்டு சாய்த்து நுழைக்கலாமே என்றேன். "வண்டி என்ன நெல்லுப் பத்தாயமா, சாய்ச்சு நுழைக்கறதுக்கு?" என்றார். லெக்சரருக்கு எங்கள் பேச்சின் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அந்தக் கயிறு எதற்கு என்று கேட்டார். அத்திம்பேர் விளக்கமாகச் சொன்னார். நான் அந்த முற்றத்தில் இருந்த வாழை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கத்தில் காது சுட்டது.

அடுத்தது சாலைக் கடைத்தெருவில் ஒரு வியாபாரியின் வண்டி. அதன் பக்கத்தில் ஆள் உட்காருகிற தொட்டி ஒன்று இணைத்திருந்தது. அத்திம்பேர் கயிற்றை எடுக்கவேயில்லை. வாசலில் நின்று பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிட்டார். மிதுனம் முடிய ஒரு வாரம்கூட இல்லை. அப்போதுதான் பழவங்காடியில் ஒரு பட்டறையில், சீமைக்குத் திரும்பிய ஒரு சின்ன துரை விட்டுவிட்டுப் போன வண்டி இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள்.

அதைப் பார்த்ததுமே எனக்குப் பயமாக இருந்தது. நீளமாக, ஒல்லியாக, கறுப்பாக நின்றது. ஹாண்டில் என்று சொல்லிக்கொள்ளவே ஒன்றுமில்லை. பெட்ரோல் டாங்கியை ஒட்டினாற்போல் இரண்டு குட்டை இரும்பு கீழ்நோக்கிக் குனிந்திருந்தது. பட்டறை மேஸ்திரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சாமீ, இது ரேஸ் வண்டியாணு. படிக்குந்நவர்க்குப் பற்றில்லா" என்றார். பந்தயத்துக்கு ஓட்டுகிற வண்டி, புதிதாகப் பழகுகிறவனுக்கு ஆகாது என்று பச்சைக் குழந்தைக்கும் புரியும்படிதான் சொன்னார். அத்திம்பேர் அதற்குள் கயிற்றைப் பிடித்துப் பார்த்துவிட்டார். முடிச்சுக்கு முடிச்சு அடங்கியது மட்டுமல்ல, இரண்டு பக்கமும் கொஞ்சம் மிச்சமும் இருந்தது. அவர் முகம் மலர்ந்ததை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. "நாங்க பந்தயத்துக்குப் போகலை ஓய், கரமனைக்குத்தான் போறோம்" என்று மேஸ்திரியிடம் சொல்லி, தாமே பேச்சை முடித்துவிட்டார். பணம் என்னுடையது, ஓட்டப்போகிறவன் நான், கீழே விழப்போகிறவனும் நான். ஆனாலும் வாயைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. வேறு வண்டியும் இல்லை, வேறு நாளும் இல்லை.

பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் இஞ்சின் சத்தமே கேட்கக்கூடாது என்றார். உடைத்தோம். உடைத்த பிறகு அது ஸ்டார்ட் ஆகவில்லை. பழவங்காடியிலிருந்து கரமனை வரை, கொட்டுகிற மழையில் நான் தள்ளிக்கொண்டு வந்தேன். அத்திம்பேர் கூடவே குடை பிடித்துக்கொண்டு வந்தார், எனக்கல்ல, வண்டிக்கு. தெருவில் எல்லா வாசலிலும் ஆட்கள். அக்கா ஆரத்தித் தட்டோடு நின்றாள். பலகையைச் சாய்த்துப்போட்டு, படியேற்றி, வேகமாக ஒரு தள்ளுத் தள்ளினேன். வண்டி வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. என் இரண்டு கை விரல் முட்டிகளின் தோலும் நிலையில் உரிந்து நின்றுவிட்டது. கயிறு ஹாண்டிலை அளந்ததே தவிர, ஹாண்டிலைப் பிடிக்கிற கையை அளக்கவில்லை.

ரத்தத்தைப் பார்த்து அக்கா பதறினாள். அத்திம்பேர் கூடத்தில் நின்ற வண்டியைச் சுற்றி வந்து, "பாத்தியா, ஒரு கீறல் இல்லை!" என்றார். அப்புறம் என் கையைப் பார்த்துவிட்டு, "வாசல் கிட்டே வந்ததும் கையை எடுத்துட்டு சீட்டைப் பிடிச்சுத் தள்ளணும், அவ்வளவுதான் காரியம்" என்றார். அன்று முதல் ஒவ்வொரு நாளும் நான் வண்டியை எடுக்கும்போதும் விடும்போதும் அவர் வாசலில் வந்து நின்று, "கையை எடு, கையை எடு" என்று கத்துவார். கத்துகிற சத்தத்தில் எனக்கு நிதானம் தப்பி மறுபடியும் இடித்துக்கொள்வேன். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

கர்க்கடகம் முழுக்க மழையில் பூஜப்புரை மைதானத்தில் பழகினேன். பழகினேன் என்று சொல்வது மரியாதைக்காக. அந்த வண்டிக்கு மெதுவாகப் போகத் தெரியாது. ஒன்று நிற்கும், இல்லாவிட்டால் பாயும். ஹாண்டில் அத்தனை கீழே இருந்ததால் டாங்கியின் மேல் கவிழ்ந்து படுத்துத்தான் ஓட்டவேண்டும். எங்கள் தெருவில், "அம்பி வண்டியிலே சேவிச்சிண்டே போறான்" என்று கேலி பண்ணினார்கள். திரும்புவதற்கும் லேசில் இடம் கொடுக்காது. கொஞ்சம் திருப்பினால் ஹாண்டில் டாங்கியில் போய் முட்டும். மைதானத்தின் ஓரத்தில் அத்திம்பேர் குடையோடு நின்று, "மெள்ள, அம்பி, மெள்ள!" என்று கூவிக்கொண்டிருப்பார். நான் விழும்போதெல்லாம் ஓடிவருவார். ஓடி வந்து முதலில் என்னைப் பார்க்கிறாரா, வண்டியைப் பார்க்கிறாரா என்று எனக்கு அப்போது கவனிக்கத் தோன்றவில்லை.

சிங்ஙம் முதல் தேதி வந்தது. நெடுமங்காடு தாண்டி விதுரை வரை எப்படியோ போய்ச் சேர்ந்தேன். அங்கிருந்து மலை. ஏற்றம் என்றால் அந்த வண்டிக்குக் கொண்டாட்டம், உறுமிக்கொண்டு ஏறிற்று. வந்ததே கொண்டை ஊசி வளைவு! எத்தனை முயன்றாலும் திரும்பவில்லை. இறங்கி, பின்சக்கரத்தைத் தூக்கித் தூக்கி நகர்த்தி, வண்டியைக் கையாலேயே திருப்பி வைத்து, மறுபடி உதைத்து ஏறவேண்டியதாயிற்று. அடுத்த வளைவிலும் அப்படியே. மூன்றாவது வளைவில் நான் பின்சக்கரத்தோடு மல்லுக்கு நிற்கும்போது பின்னால் ஹாரன் கேட்டது. திரும்பிப் பார்த்தால் பெரிய டாக்டரின் கார். பாதையோ ஒரு வண்டிப் பாதை. முந்திப் போக இடமில்லை. அங்கிருந்து உச்சி வரை, ஒவ்வொரு வளைவிலும் நான் இறங்கித் திருப்ப, அவர் கார் நின்று காத்திருக்க, தேயிலை கிள்ளுகிற பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க, அப்படி ஒரு ஊர்வலம். வேலை போயிற்று என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அத்திம்பேரை மனசுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டேதான் மலை ஏறினேன்.

தோட்டத்து ஆஸ்பத்திரி வாசலில் பெரிய டாக்டர் இறங்கி வந்தார். சேறும் வியர்வையுமாக நின்ற என்னையும் வண்டியையும் பார்த்தார். "இந்த வண்டி ஆரு வாங்ஙித் தந்நது?" என்றார். அத்திம்பேர் என்றேன். ஏன் இதை வாங்கினார் என்று கேட்டார். சொல்லாமல் தப்ப வழியில்லை; வாசற்கதவையும் கயிற்றையும் சொன்னேன். அவர் கார் மேல் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். "வாதிலின்டெ அளவு நோக்கி வண்டி வாங்ஙியவரெ ஞான் ஆத்யமாயிட்டாணு காணுந்நது!" என்று டிரைவரிடமும் சொல்லிச் சிரித்தார். வாசல் அளவு பார்த்து வண்டி வாங்கியவர்களை அவர் அதற்குமுன் பார்த்ததில்லையாம். நானும்தான் பார்த்ததில்லை. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, இத்தனை வளைவிலும் இறங்கி இறங்கி ஏறி வந்தவன் எந்தக் கூலி லயத்திலும் அம்மை குத்தாமல் திரும்ப மாட்டான், வேலை உனக்குத்தான் என்றார். கூடவே ஒன்று சொன்னார். கரமனையிலிருந்து வந்து போவதெல்லாம் நடக்காது. விதுரையில் ஷெட்டோடு ஒரு சர்க்கார் வீடு இருக்கிறது, அங்கேயே தங்கிக்கொள். முதல் வேலையாக இந்தச் சனியனை விற்றுவிட்டு மனுஷன் ஓட்டுகிற வண்டியாக வாங்கு என்றார்.

மலையிறங்கிய பிறகு கரமனைக்குப் பறந்து வந்தேன் என்றுதான் சொல்லவேண்டும். சாயங்காலம் கூடத்தில் நின்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். வேலை கிடைத்தது, விதுரையில் வீடு, ஷெட்டு, வேறு வண்டி. அத்திம்பேர், "ஷெட்டு இருக்கா? அப்போ சரி" என்றார். எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். ஒரு ஆசீர்வாதம் இல்லை, நல்ல வார்த்தை ஒன்று இல்லை. எனக்குக் கோபம் தாங்கவில்லை. "இந்த வீணாப்போன வண்டியை என் தலையில கட்டினவர் இவர்தானே, ஒரு சந்தோஷம் காட்டினா என்னவாம்?" என்று அக்காவிடம் பாய்ந்தேன்.

அக்கா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "நீ ரூம் எடுத்துண்டு போறேன்னு சொன்னியே, அன்னிக்கு அவர் ஒரு பொட்டுத் தூங்கலைடா. விடிஞ்சதும் கயித்தை எடுத்துண்டு வாசலுக்குப் போயாச்சு. வண்டி ஆத்துக்குள்ளே வந்துடுத்துன்னா நீயும் ஆத்துக்குள்ளேயே இருந்துடுவேன்னு ஒரு கணக்காக்கும் அவருக்கு."

அதைக் கேட்டு மனசு இளகியது என்று எழுதினால் பாதிதான் நிஜம். மறு பாதி, முன்னைவிட ஆத்திரம். நீ இங்கேயே இரு என்று வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் என்ன? அன்றைக்கே சொல்லியிருந்தால் லெக்சரரின் வண்டியை வாங்கி, ஆற்றங்கரையில் யாருடைய கொட்டிலிலாவது நிறுத்திவிட்டு, நான் பாட்டுக்கு இந்த வீட்டில் படுத்துக்கிடந்திருப்பேனே! டாக்டர் விதுரை என்றபோதும் முடியாது என்று ஒரு வார்த்தை வாதாடியிருப்பேன். பெற்ற பிள்ளை மாதிரி பிரியம் வைத்தவர், அதைச் சொல்லத் தெரியாமல் நிலைக்கு நிலை கயிறு பிடித்தால் யாருக்குப் புரியும்? எங்கள் வீட்டு ஆண்களோடு இதே பாடுதான். நாக்கைத் தவிர மற்றதெல்லாம் வேலை செய்யும்.

அடுத்த வாரம் கிளம்பினேன். போகமாட்டேன் என்று சொல்ல எனக்கும் நாக்கு வரவில்லை. போகாமல் இருக்க முடியாத வேலையும்கூட. வண்டியை வெளியே தள்ளும்போது அத்திம்பேர் வழக்கம்போல் வாசலில் நின்று, "கையை எடு, கையை எடு" என்றார். எடுத்தேன். அன்றைக்கு இடிக்கவில்லை. தெருவில் இறங்கியதும் அவர் மடியிலிருந்து கயிற்றை எடுத்துச் சுருட்டி என் சட்டைப்பையில் போட்டார். "அங்கே போய் எதுக்கும் வாசலை அளந்துக்கோ" என்றார். "அங்கே ஷெட் இருக்கு, அத்திம்பேர்" என்றேன். "இருக்கட்டுமே. ஷெட்டுக்கும் வாசல் உண்டோல்லியோ" என்றார். அவர் கண் வண்டியின் மேல்தான் இருந்தது.

பிறகு சாதுவான வண்டி ஒன்று வாங்கினேன்; அகலமான ஹாண்டில். அது கரமனை வீட்டுக்குள் நுழையவே நுழையாது. மாதத்துக்கு இரண்டு தரம் நான் வந்து தங்குகிற ராத்திரிகளில் அது தெருவிலேயே நிற்கும். வண்டி வெளியில் கிடக்கக்கூடாது என்று அத்தனை பாடுபடுத்திய மனிதர், மழை பெய்தால் தம்முடைய குடையை விரித்து அதன் சீட்டின் மேல் கட்டிவிட்டு, மறுநாள் ஆபீசுக்கு ஈரக் குடையோடு போவார். அவர் இருந்தவரை அப்படித்தான் நடந்தது. எனக்கு அதற்கும் எரிச்சல் வரும். ஒரு கோணி போதாதா என்று கேட்பேன்.

இப்போது அத்திம்பேரும் இல்லை, அக்காவும் இல்லை. நான் பூஜப்புரையில் வீடு கட்டிக்கொண்டு பென்ஷன் வாங்குகிறேன். போன வாரம் சாப்பிடும்போது என் பையன், ஆபீசில் கடன் கிடைக்கிறது, கார் வாங்கப்போகிறேன் என்றான். நல்லது என்றேன். "ஆனா நம்ம கேட்டு ரொம்பக் குறுகல், அப்பா. கவடியார்ல ஒரு வீடு வாடகைக்கு வருது. கார் நிறுத்த இடம் தாராளம். நான் தனியா அங்கே மாறிக்கலாம்னு பாக்கறேன்" என்றான். என் சம்சாரம் என்னைப் பார்த்தாள். "உன் சௌகரியம்" என்று மட்டும் சொன்னேன். மோர் வேண்டாமென்று எழுந்துவிட்டேன்.

மறுநாள் விடியற்காலையில் அலமாரியைத் திறந்து, வேட்டிகளுக்கு அடியிலிருந்து இந்தக் கயிற்றை எடுத்துக்கொண்டு கேட்டண்டை போனேன். உள்ளேயிருந்து சம்சாரம், "அங்கே என்ன பண்றேள்?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்லை" என்று வள்ளென்று விழுந்தேன். முதல் முடிச்சை ஒரு தூணில் வைத்து இழுத்தேன். அத்திம்பேரின் வாசல் இந்த கேட்டில் பாதிக்குக்கூட வரவில்லை. வாயைத் திறந்து சொன்னால் என்ன என்று அக்காவிடம் பாய்ந்தவன் நான்தான். உள்ளே போய், துணி உலர்த்தும் கொடியில் ஒரு துண்டு அறுத்துக்கொண்டு வந்து, பழைய கயிற்றின் நுனியோடு சேர்த்து முடிந்தேன்.